மெக்கெய்ன், சேஃபி, காலின்ஸ்: பணக்காரர் வரிக்குறைப்புக்கு யார் எப்படி வாக்களித்தார்கள்?

அமெரிக்காவில் பணக்காரர்களுக்கான வரிக்குறைப்பை எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர் யார் என்றால், அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன் பெயர்தான் முதலில் வரும். அது பாதி உண்மை. ரோட் ஐலண்டின் லிங்கன் சேஃபியையும் மெய்னின் சூசன் காலின்ஸையும் அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

2001 மே 26 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் முதல் வரிக்குறைப்பு செனட்டில் 58-33 என்று நிறைவேறியது. பத்தாண்டுகளுக்கு 1.35 லட்சம் கோடி டாலர். வருமான வரியின் உச்ச விகிதம் 39.6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 35க்கு இறங்கியது. குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் மெக்கெய்ன், சேஃபி இருவர் மட்டுமே. காலின்ஸ் ஆதரித்தார். 2003 மே 23 அன்று, மூலதன ஆதாயத்துக்கும் பங்கு ஈவுத்தொகைக்கும் உச்ச வரி 15 சதவீதம் என்ற மசோதா 50-50 என்று சமனில் நின்றது. துணை அதிபர் டிக் செனி தன் வாக்கைப் போட்டுக் கரைசேர்த்தார். மெக்கெய்னும் சேஃபியும் மறுபடி எதிர்ப்பு, காலின்ஸ் மறுபடி ஆதரவு.

திருப்பம் 2006இல். செனட்டில் 60 வாக்கு இல்லாமல் சாதாரணப் பெரும்பான்மையில் வரி மசோதாவை நிறைவேற்றினால், பட்ஜெட் காலத்துக்குப் பிறகும் அது பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது என்று விதி. அதனால்தான் 2001 சட்டத்துக்கே 2010 இறுதி என்று காலாவதித் தேதி போட்டார்கள். 2003இன் 15 சதவீத விகிதமோ 2008உடன் முடிய வேண்டியது. அதை 2010 வரை நீட்டிக்கும் மசோதா 2006 மே 11 அன்று 54-44 என்று நிறைவேறியபோது, மெக்கெய்ன் ஆதரவாக வாக்களித்தார். நீட்டிக்காமல் விட்டால் அது வரி உயர்வு ஆகிவிடும் என்பது அவர் வாதம். சலுகை கொடுப்பதை எதிர்த்தவர், அதைத் திரும்ப எடுப்பதையும் எதிர்த்தார். விளைவு என்னவோ பணக்காரருக்குச் சாதகம்தான். சேஃபி அப்போதும் எதிர்த்தே வாக்களித்தார். இறந்தவர் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தின் மீதான எஸ்டேட் வரியை ஒழிக்கும் மசோதாமீது 2006 ஜூன் 8 நடந்த வாக்கெடுப்பிலும் இதே பிரிவினை: 57-41, தேவைப்பட்டது 60. மெக்கெய்ன், காலின்ஸ் ஆதரவு, சேஃபி எதிர்ப்பு. அந்த நவம்பரில் சேஃபி தேர்தலில் தோற்றதால் அவர் பதிவு அங்கே நிற்கிறது. மாறாமல் நின்றவர் இவர்தான் என்பேன், ஆனால் பிந்தைய சோதனைகள் எதுவும் அவருக்கு வரவில்லை.

வாக்குப் பதிவேட்டில் பெயருக்கு நேரே இருப்பதை மட்டும் எண்ணுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. 2006 ஆகஸ்ட் 3 அன்று, எஸ்டேட் வரிக்குறைப்பையும் குறைந்தபட்சக் கூலியை 5.15 டாலரிலிருந்து 7.25 ஆக்குவதையும் ஒரே மசோதாவில் கட்டி வைத்தார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானம் 60 வாக்கு இல்லாமல் 56-42 என்று தோற்றது. எதிர்த்தவர் பட்டியலில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பில் ஃப்ரிஸ்ட் பெயரும் இருக்கும். அவர் மனம் மாறவில்லை. தோற்ற தீர்மானத்தை மறுபடி எடுக்கும் உரிமைக்காக எதிர்ப்பக்கம் வாக்களித்தார்.

இன்னொன்று 2013 ஜனவரி 1 அதிகாலை 89-8 என்று நிறைவேறிய வரி மசோதா. 2010இல் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டிருந்த பழைய விகிதங்கள் நள்ளிரவோடு காலாவதியாகிவிட்டதால் கணக்குப்படி அது வரிக்குறைப்பு. ஆனால் முந்தைய நாளோடு ஒப்பிட்டால், தனிநபருக்கு 4 லட்சம், தம்பதிக்கு 4.5 லட்சம் டாலருக்கு மேல் விகிதம் 35லிருந்து 39.6க்கு ஏறியது. மெக்கெய்ன், காலின்ஸ் இருவரும் ஆதரவு. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதிலேயே, வாக்குகளை எண்ணி செனட்டருக்குப் போடும் மதிப்பெண் மாறும்.

2017 வரிக்குறைப்புச் சட்டத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம், நிறுவன வரி 35லிருந்து 21. அதன் செனட் வடிவம் டிசம்பர் 2 அன்று 51-49 என்று நிறைவேறியது; மெக்கெய்ன் ஆதரித்தார். டிசம்பர் 20 இறுதி வாக்கில் உடல்நலமின்றி அரிசோனாவில் இருந்தார். பதிவேட்டில் 'வாக்களிக்கவில்லை' என்றிருக்கும். அதை நடுநிலை என்று படிப்பது தவறு.

காலின்ஸின் பயணம் எதிர்த்திசை. பெரிய மசோதாக்கள் அனைத்துக்கும் ஆம் சொல்லி வந்தவர், 2025 ஜூலை 1 அன்று டிரம்ப்பின் வரி, செலவு மசோதாவை எதிர்த்தார். ஆனால் முக்கியக் காரணம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் வெட்டு. ஆகவே அந்த ஒரு 'இல்லை'யை வரிக்கணக்கில் முழுதாக எழுதுவது சரியல்ல. அவருடைய வரி நிலைப்பாடு சிறிய வாக்குகளில்தான் தெரியும். 2012 ஏப்ரல் 16 அன்று, பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர் குறைந்தது 30 சதவீதம் கட்ட வேண்டும் என்ற மசோதாவை விவாதத்துக்கு எடுக்க ஆதரவளித்த ஒரே குடியரசுக் கட்சி செனட்டர் அவர்தான். 51-45, 60 இல்லாமல் விழுந்தது. 2025இலும், இரண்டரைக் கோடி டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 39.6 சதவீதம் விதித்து, அதில் கிராமப்புற மருத்துவமனைகளுக்கான நிதியை இரட்டிப்பாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். 22-78 என்று தோற்றது. இறுதி வாக்குகளை மட்டும் எண்ணும் மதிப்பெண் அட்டைகளில் இந்த இரண்டும் ஏறுவதில்லை.