எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மானிட்டர் துடைப்புத் தொகுப்பு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உள்ள ஒரு சிறிய கடையில், என் 24 அங்குல மானிட்டருக்காக 250 ரூபாய்க்கு வாங்கிய துடைப்புத் தொகுப்பை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மைக்ரோஃபைபர் துணிக்கு முழு மதிப்பெண் தருவேன். நூல் உதிர்வதில்லை, கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அழுத்தித் தேய்க்காமலேயே அகன்றுவிடுகின்றன.

தெளிப்பானைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. திரையின் மீது நேராகத் தெளிக்குமாறு உறையில் படம் போட்டிருக்கிறார்கள். அவ்வாறு செய்தால் திரவம் வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கி உள்ளிருக்கும் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும் என்பதால், மானிட்டரை அணைத்து, சூடு தணிந்த பின், துணியில் தெளித்தே துடைக்க வேண்டும். திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் எங்கும் குறிப்பிடப்படவில்லை. அம்மோனியா இருந்தால், கண்கூச்சத்தைத் தடுக்கும் மேற்பூச்சு நாளடைவில் பாழாகிவிடும். ஆகவே அந்தப் புட்டியை ஒதுக்கிவிட்டு, காய்ச்சி வடித்த நீரிலேயே துணியைச் சிறிதளவு நனைத்துக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பின் போர்வெல் தண்ணீர் குழாய்களிலேயே வெள்ளையாகப் படிகிறது. கறுப்புத் திரையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்!

அதே கடையில் துணியை மட்டும் 80 ரூபாய்க்குத் தனியாகவும் தருகிறார்கள். அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.