0டபிள்யூ-20 நல்லதா, 5டபிள்யூ-30 நல்லதா? வடித்த ஆயிலின் அறிக்கையைப் படிப்பது எப்படி

சென்னையில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கையேடு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற இரண்டு எஞ்சின் ஆயில் கிரேடுகளையும் அனுமதித்தால் எதை ஊற்றுவது? (முதல் எண் குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும்.) சிலர் வடித்த ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, எதில் எஞ்சின் தேய்மானத்தைக் காட்டும் இரும்பு குறைவோ அதுவே நல்லது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் பிழைபடும்.

ஒரே காரின் இரண்டு அறிக்கைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் 8,000 கிலோமீட்டர் ஓடிய ஆயில். 20-இல் இரும்பு 16 பிபிஎம் (பத்து லட்சத்தில் 16 பங்கு), 30-இல் 10. கெட்டியான ஆயில் ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் சிலிக்கான் வரிசையில் 24, 9 என்று இருக்கிறது. சிலிக்கான் என்பது பெரும்பாலும் சாலைப் புழுதி. இடையில் ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டிருந்தால், பிஸ்டன் ரிங்கை அரைத்த புழுதி குறைந்ததால்தான் இரும்பும் குறைந்தது. ஆயிலுக்கு அதில் பங்கே இல்லாமல் போகலாம். புது எஞ்சினில் இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் கரைந்தும் சிலிக்கான் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலும், ஆய்வகத்தின் நிறமாலைக் கருவிக்குச் சில மைக்ரான் அளவுள்ள துகள்கள்தான் தெரியும். பேரிங்கிலிருந்து பெரிய சில்லு பெயர்ந்தாலும் அந்த எண் அசையாமல் இருக்கலாம்.

கிரேடைத் தீர்மானிக்க நான் முதலில் பார்ப்பது 100 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுத்தன்மையை, அதாவது ஆயிலின் தடிமனை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் தரப்படி 20 கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை; 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை. எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடும் குறுந்தூர ஓட்டத்தில், அதிலும் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். 8.5-இல் தொடங்கிய 20 அப்படி 6.7-க்கு இறங்கினால் கவலைப்பட வேண்டியதுதான். 10.5-இல் தொடங்கிய 30 அதே கலப்பில் 8.3-க்கு வந்தாலும் புது 20 அளவுக்குத் தடிமன் மிஞ்சியிருக்கும். 5டபிள்யூ-30-க்கான உண்மையான நியாயம் இதுதான்.

முதல் எண்ணைப் பற்றி நம் ஊரில் அலட்டிக்கொள்ள வேண்டாம். 0டபிள்யூ ஆயிலில் எஞ்சின் சுழல்கிறதா என்று சோதிப்பது மைனஸ் 35 டிகிரியில், 5டபிள்யூ-வை மைனஸ் 30-இல். ஊட்டியின் உறைபனிகூட அதன் அருகில் வராது.

நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடாகி ஓடும் கார் என்றால் 0டபிள்யூ-20-ஐக் கைவிடக் காரணமில்லை. அறிக்கையில் பாகுத்தன்மை 7.5-க்கு மேல் நின்றால் எரிபொருள் சிக்கனத்தையும் சேர்த்து அனுபவிக்கலாம். நகர நெரிசலில் தினமும் நான்கைந்து கிலோமீட்டர் ஓடும் காருக்கு நான் 5டபிள்யூ-30-ஐத்தான் ஊற்றுவேன், அதையும் சீக்கிரம் மாற்றுவேன்.

"வெயிலுக்கு 15டபிள்யூ-40 போடுங்கள்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பழைய டீசல் லாரிக்கும் டிராக்டருக்கும் அது பொருந்தும். கையேடு அதை அனுமதிக்காத எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம். சூடான எஞ்சினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் கட்டுக்குள் வைக்கின்றன. வெளிவெயில் நாம் பயப்படும் அளவுக்கு உள்ளே புகுவதில்லை. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்போ ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்குகிறது; கையேடு சொல்லாத தடிமன் அதைக் குழப்பலாம்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். புது ஆயிலிலும் ஒரு மாதிரியை அனுப்புங்கள். சில ஆயில்களில் சோடியம் சேர்க்கைப் பொருளாகவே இருக்கும். புதிதில் இல்லாத சோடியமும் பொட்டாசியமும் வடித்த ஆயிலில் ஏறியிருந்தால் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது கிரேடு விவாதத்தை விட்டுவிட்டு வண்டியை உடனே பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.