திருவனந்தபுரம் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

விடுமுறைக்கு வரும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் விமான நிலையம்தான். இறங்கினோமா, வண்டி பிடித்தோமா, களியக்காவிளை தாண்டினோமா என்று ஓடிவிடுகிறோம். இந்த முறை மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு, மியூசியம் வளாகத்துக்கென்றே அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். கோயில், கோவளம், அப்படியே மியூசியம் என்று ஒரே நாளில் சுருட்டிவிடக்கூடிய இடம் இல்லை அது.

ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக்கொடுத்த திட்டத்தில் மியூசியத்துக்கு முக்கால் மணி நேரம், அதுவும் புதன்கிழமை காலையில். அங்கே திங்கள் விடுமுறை, புதன் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் சொன்னதால் தப்பித்தோம். வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை குழித்துறையில் ரயில் ஏறினோம். ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து ஆட்டோ. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சில்லறையாக ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ இல்லாமல் இப்போது ஒரு டீ குடிப்பதுகூடச் சிரமம்தான்.

நேப்பியர் மியூசியத்தைப் பார்த்ததும் சின்னவள், "அப்பா, இது அரண்மனையா?" என்றாள். 1880-ல் கட்டி முடித்த கட்டடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஸோம்தான் இதற்கும் வரைபடம் போட்டவர். பெயர், மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவுடையது. ஆனால் கூரையைப் பாருங்கள், அசல் மலையாள நாட்டுத் தச்சு வேலை: செங்குத்தாக இறங்கும் சரிவு, முகப்பில் செதுக்கிய மரம். உள்ளே சுவரெல்லாம் பட்டை பட்டையாக வண்ணம். காற்று தானாக வந்து போகும்படி கட்டியிருப்பதால் வெயில் ஏறிய நேரத்திலும் புழுக்கம் தெரியவில்லை.

செப்புத் திருமேனிகள், தந்த வேலைப்பாடுகள், மரத்தேர் என்று நின்று பார்க்க நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. காவலுக்கு இருந்த சேச்சி நாங்கள் கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அம்மா, இருந்து பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றார், தமிழிலேயே. அம்மா ஒரு விஷ்ணுவின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் திருமேனியை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது. விரல் நகம் வரைக்கும் வார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஓவியங்கள். அதே வளாகத்தில் இருக்கும் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் 1935-ல் திறந்தது. ரவி வர்மாவுக்கென்று தனிக் கலைக்கூடமே 2023-ல் வந்துவிட்டது. 'அன்னமும் தமயந்தியும்' ஓவியத்தை நாட்காட்டியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நேரில் அந்தச் சிவப்புச் சேலையின் சரிகை கிட்டே போனால் வெறும் மஞ்சள் தீற்றல். இரண்டடி பின்னால் வந்தால் பட்டு மின்னுகிறது. பெரியவன் முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்தான். எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தை ரவி வர்மாவுக்கு அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தபோது, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார் என்று சொல்வார்கள். அந்தப் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை எங்கள் தாலுகாக்களும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தன. அதனால் இந்த மியூசியத்தை வெளியூர்ச் சொத்தாக எனக்கு நினைக்க முடியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், தக்கலை அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. இரண்டையும் பாருங்கள், ஆனால் வேறு வேறு நாளில். அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை உணவு இடைவேளை. காலையிலேயே போய்விட்டால் கூட்டமும் குறைவு, பெரியவர்களுக்கும் படியேறத் தெம்பு இருக்கும்.