தோடாவுக்கு விசைப்பலகை: எம்17என்னா, கீமேனா?

நீலகிரியின் தோடா மொழி, மிகவும் அழியும் நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ வகைப்படுத்திய மொழி. "தமிழ் எழுத்திலேயே தட்டலாமே?" என்று பெங்களூரு ஐடி நண்பர்கள் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். முடியாது. குறிலும் நெடிலுமாக 16 உயிர்கள் தோடாவில் உண்டு. ரகர வகைகள் மட்டுமே ஆறு. எனவே புள்ளியும் கோடும் சேர்த்த ரோமன் எழுத்துகள் தேவை. அவற்றைத் தட்ட விசைப்பலகை அமைக்க இரண்டு மென்பொருள்கள் உண்டு: எம்17என், கீமேன்.

லினக்ஸ்காரர்களுக்கு எம்17என் சொர்க்கம். எந்த விசைகளுக்கு எந்த எழுத்து என்று ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி, உரிய அடைவில் போட்டு, ஐபஸை (லினக்ஸில் தட்டச்சைக் கவனிக்கும் நிரல்) மறுபடி தொடங்கினால் சரி, தட்டலாம். பிடிக்கவில்லையா, ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அது லினக்ஸைத் தாண்டி அதிகம் நகராது.

எஸ்ஐஎல் என்ற மொழியியல் அமைப்பு பராமரிக்கும் கீமேனில் தொடக்க வேலை கூடுதல். விதிகள் எழுத வேண்டும், தொடுதிரைக்குத் தனி அமைப்பு வரைய வேண்டும், எந்த விசையை அழுத்திப் பிடித்தால் என்ன வரும் என்று யோசிக்க வேண்டும். அதற்குப் பலன் பெரிது: விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். எழுத்துருவையும் சேர்த்து ஒரே பொதியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

என் ஓட்டு கீமேனுக்கே. மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருப்பவர் கையில் லினக்ஸ் மடிக்கணினி இருக்காது, போன்தான் இருக்கும். எழுத்துமுறை முடிவாகும்வரை சோதித்துப் பார்க்க மட்டும் எம்17என்.