கட்டட அனுமதிப் பதிவேட்டில் வேலை தேடலாமா: டைல்ஸ் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு

நகர நிர்வாகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கட்டட அனுமதிப் பதிவேட்டை ஓராண்டுக்கு மேலாகவும், அதே பதிவுகளைத் திரட்டிச் சந்தாவுக்கு அனுப்பும் தனியார் சேவை ஒன்றை ஆறு மாதங்களாகவும் வேலை தேடுவதற்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். தரை, குளியலறை, சமையலறைச் சுவர் ஆகியவற்றுக்கு டைல்ஸ் பதித்துக் கொடுப்பது என் தொழில். இந்த மதிப்பீடு என்னைப் போல் முதன்மை ஒப்பந்ததாரருக்குக் கீழே வேலை எடுப்பவர்களுக்கே அதிகம் பொருந்தும்; முழுக் கட்டடத்தையும் எடுத்துச் செய்பவர்கள் இதிலிருந்து வேறு முடிவுக்கு வரக்கூடும்.

இந்தப் பதிவேட்டைத் திறப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இது காத்திருக்கும் வேலைகளின் பட்டியல் அல்ல என்பதுதான். அனுமதி வழங்கப்பட்ட நாளில், பெரும்பாலான வேலைகளுக்கு ஒப்பந்ததாரர் ஏற்கெனவே முடிவாகியிருப்பார். பல நகரங்களில் அவருடைய பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் அனுமதியே கிடைக்காது. எனவே அது உண்மையில் வேலையைப் பிடித்துவிட்டவர்களின் பட்டியல். இதை உணராமல் முதல் இரண்டு மாதங்கள், அன்றன்று வெளியான அனுமதிகளின் முகவரிக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பதிலும் வரவில்லை. வீட்டு உரிமையாளரின் பார்வையில், அஸ்திவாரம் தோண்டாத மனைக்கு டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வந்து நிற்பவனை என்ன செய்வது?

பதிவேடு நகரத்துக்கு நகரம் மாறுகிறது. சிகாகோ நகரின் திறந்த தரவுத் தளத்தில் 2006 முதலான அனுமதிகள் ஒரே அட்டவணையில் கிடைக்கின்றன. வேலை விவரம், அறிவிக்கப்பட்ட செலவு, விண்ணப்பித்த நாள், வழங்கிய நாள் ஆகியவற்றோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களின் பெயர்களும் அதில் உண்டு. சான் பிரான்சிஸ்கோ தன் பதிவுகளில் முதலில் மதிப்பிட்ட செலவையும் பின்னர் திருத்திய செலவையும் தனித்தனியே காட்டுகிறது. நியூயார்க்கில் பழைய விண்ணப்பங்கள் ஓர் அமைப்பிலும் புதியவை இன்னோர் அமைப்பிலும் இருப்பதால், ஒரே கட்டடத்தின் வரலாற்றை அறிய இரண்டிலும் தேட வேண்டும். எந்த நகரமானாலும், இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட முழு அட்டவணையையும் பதிவிறக்கி எக்செல்லில் வடிகட்டிப் பார்ப்பது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

என் தொழிலுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பல நகரங்கள் அடியொற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி, பெயிண்ட் அடிப்பது, டைல்ஸ் பதிப்பது, தரைவிரிப்பு, அலமாரி போன்ற இறுதி அலங்கார வேலைகளுக்கு அனுமதியே தேவையில்லை. ஆகவே, ‘டைல்ஸ்’ என்று தேடினால் ஏறக்குறைய ஒன்றுமே வராது. வேறொரு வேலையின் நிழலாகத்தான் என் வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, கட்டட அனுமதி எதுவும் கண்ணில் படாத ஒரு முகவரிக்குப் பிளம்பிங் அனுமதி மட்டும் இருந்தது. விவரத்தில் ‘இரண்டாம் தளம், 2 கழிவறை, 1 குளியல் தொட்டி, 3 கைகழுவும் தொட்டி’ என்று ஒற்றை வரி. எங்கள் தொழிலில் இருப்பவர் அந்த வரியைப் படித்தாலே இரண்டு அறைகளின் தரை, தொட்டியைச் சுற்றிய மூன்று சுவர்கள், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு என்று மனக்கணக்குப் போட்டுவிடுவார். அந்த அனுமதியில் இருந்த பிளம்பரின் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் முதன்மை ஒப்பந்ததாரரின் பெயரைச் சொன்னார். அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பதிவேட்டின் வழியாக எனக்குக் கிடைத்த முதல் வேலை. அதன் பிறகு என் வடிகட்டியில் டைல்ஸ் என்ற சொல்லையே நீக்கிவிட்டேன்.

அறிவிக்கப்பட்ட செலவு என்ற கட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. பல இடங்களில் அனுமதிக் கட்டணம் அந்தத் தொகையை வைத்தே கணக்கிடப்படுவதால், குறைத்து எழுதும் ஆசை இயல்பாகவே எழும். சில அலுவலகங்களோ பரப்பளவை வைத்துத் தாங்களே ஒரு தொகையை நிர்ணயிக்கின்றன. சிறிய வேலையா பெரிய வேலையா என்று பிரித்துக்கொள்ள மட்டும் அந்த எண் போதும், கொட்டேஷன் போட உதவாது.

பலர் கவனிக்காமல் விடுவது ஆய்வுப் பதிவுகள் இருக்கும் பகுதியை. அனுமதி வழங்கிய பிறகு கட்டட ஆய்வாளர் அஸ்திவாரம், தளம், சட்டகம் (சுவரையும் கூரையையும் தாங்கும் எலும்புக்கூடு) என்று கட்டம் கட்டமாக வந்து பார்த்து ஒப்புதல் தருகிறார். அந்த நாட்களையும் பல நகரங்கள் வெளியிடுகின்றன. மேலே சொன்ன விதித்தொகுப்பில் சட்டக ஆய்வு என்பது கூரைத்தளம் அமைந்து, சுவருக்குள் மறையப்போகும் மின்கம்பி, குழாய் வேலைகளும் ஒப்புதல் பெற்ற பிறகு நடப்பது. ஆகவே சட்டக ஆய்வு தேறிவிட்டது என்ற வரியைப் பார்க்கும்போது, எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் காலம் கடந்துவிட்டது என்றும், எனக்கு அப்போதுதான் காலம் கனிகிறது என்றும் பொருள். அனுமதித் தேதியை விட்டுவிட்டு இந்த ஒரு தேதியைப் பின்தொடரத் தொடங்கிய பிறகுதான் என் அழைப்புகளுக்கு, ‘நல்ல நேரத்தில் கேட்டீர்கள், நாளைக்கு வந்து அளவெடுங்கள்’ என்ற பதில் வர ஆரம்பித்தது.

அதே விதித்தொகுப்பில், அனுமதி பெற்ற 180 நாட்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அனுமதி செல்லாது என்ற விதியும் உண்டு. நான்கைந்து மாதங்களாக எந்த ஆய்வும் பதிவாகாத அனுமதியைக் கண்டால் அதைத் தனியே குறித்து வைக்கிறேன். பணம் திரளவில்லையோ, ஒப்பந்ததாரருடன் மனத்தாங்கலோ, ஏதோ ஒன்று அங்கே நின்றுபோயிருக்கிறது. மறுபடி அசையும்போது ஆட்களும் மாறுவது வழக்கம்.

இனி, சந்தா சேவைக்கு வருகிறேன். நாள்தோறும் காலையில் மின்னஞ்சலில் பட்டியல் வந்துவிடும். பல நகரங்களின் பதிவுகள் ஒரே வடிவத்தில் இருக்கும். வரைபடத்தில் புள்ளிகளாகவும் பார்க்கலாம். அதன் பயன் அதோடு முடிந்துவிடுகிறது. ‘புதிய வாய்ப்பு’ என்று அனுப்பப்பட்ட ஒரு முகவரிக்கு மாதிரிப் பெட்டியுடன் போனேன். உள்ளே கால் வைத்தபோது, யாரோ பதித்து, இடைவெளியும் நிரப்பி, துடைத்தும் முடித்த டைல்ஸ் மீதே நின்றுகொண்டிருந்தேன். காலாவதியான அனுமதியை இறுதி ஆய்வுக்காகப் புதுப்பித்திருக்கிறார்கள். சேவையின் கணினி அதைப் புது வேலை என்று எண்ணி அனுப்பியிருக்கிறது. நகரத்தின் மூலப் பதிவில் பழைய அனுமதியின் எண் அதே வரியில் இருந்தது. சேவை அனுப்பிய பட்டியலில் அந்தக் கட்டமே இல்லை. புகார் செய்தபோது அந்த மாதச் சந்தாவில் கழிவு தர முன்வந்தார்கள், பட்டியலைத் திருத்தவில்லை.

வீட்டு உரிமையாளர்களின் தொலைபேசி எண்களையும் அந்தச் சேவை தந்தது. அவற்றில் மூன்று பேரைத்தான் அழைத்தேன். மூன்றாமவர், தமக்கு அந்த வாரத்தில் வந்த ஒன்பதாவது அழைப்பு இது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். பொதுப் பதிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பிறகு நிறுவனங்களை மட்டுமே அழைக்கிறேன்.

நிறுவனங்களை அழைப்பதிலும் ஒரு முறை தேவை. ஓராண்டின் அனுமதிகளை ஒப்பந்ததாரர் பெயர்வாரியாக அடுக்கினால், குளியலறையும் சமையலறையும் திரும்பத் திரும்பச் செய்பவர்கள் சிலரே என்பது தெரியவரும். பெயரின் எழுத்துக்கோவை பதிவுக்குப் பதிவு மாறுவதால், உரிம எண்ணை வைத்து அடுக்குவது நல்லது. என் பகுதியில் அப்படிப் பதினான்கு பேர் தேறினார்கள். அவர்களில் நால்வரிடம் இப்போது தொடர்ந்து வேலை செய்கிறேன். ஒரு முகவரியைத் துரத்திப் பிடித்த வேலை அந்த ஒன்றோடு முடிந்தது, இவர்களிடம் பிடித்தது அடுத்தடுத்து வருகிறது.

இலவசப் பதிவேட்டுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைப்பது, ஆய்வுப் பதிவுகளைத் தனி அட்டவணையில் வைத்து அனுமதி எண்ணைக் கொண்டு நாமே இணைத்துக்கொள்ளும்படி விட்டிருப்பதற்காக. சந்தா சேவைக்கு இரண்டு; பல நகரங்களில் ஆட்களை வைத்து வேலை நடத்தும் பெரிய நிறுவனத்துக்கு அது பயன்படலாம். நான் ஏழாம் மாதம் புதுப்பிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில், சட்டக ஆய்வு தேறிய வரிகளை மட்டும் இறக்கி, அந்தப் பதினான்கு உரிம எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது.