பற்றரி செத்ததா, பட்டினி கிடந்ததா?

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் நின்ற பழைய விட்ஸ் காரின் திறப்பைத் திருப்பினேன். பல்லி சொல்வதுபோல டிக், டிக், டிக். டாஷ்போர்ட் விளக்குகள் ஒரு தரம் மங்கி மறுபடி வந்தன. பின் சீற்றில் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்திருந்த மகள், "அப்பா, அப்ப ஓட்டோவிலயே போவம்" என்றாள். பல்லி சொன்னது என்னைவிட அவளுக்கு முதலில் விளங்கிவிட்டது.

அவளை இறக்கிவிட்டு அதே ஓட்டோவில் திரும்பி வருவதற்குள் ஐந்து பேரின் ஆலோசனை சேர்ந்துவிட்டது. ஓட்டோக்காரர், "தள்ளி ஸ்டார்ட் பண்ணுவம்" என்றார். மேல் மாடி அண்ணை, "என்ர காரில இருந்து ஜம்ப் குடுப்பம்" என்றார். மாமா சார்ஜ் போட்டால் சரி என்றார். கராஜ் பாஸ் பஞ்சிகாவத்தையில் நல்ல பழைய பற்றரி ஒன்று எடுத்துத் தருவதாகச் சொன்னார். மச்சான் தொலைபேசியில், "புதுசைப் போட்டிட்டு நிம்மதியா இரு" என்றார். ஐந்தும் ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில்தான். என் காருக்கு எது என்று கண்டுபிடிக்கத்தான் காசும் நாளும் போயின.

தள்ளுவதை முதலிலேயே கழித்துவிடலாம். கியர் மாற்றி ஓட்டும் மனுவல் கார் என்றால் இரண்டாம் கியரில் போட்டு, ஓடவிட்டு, கிளச்சை விட்டால் இஞ்சின் பிடிக்கும். செலவு, தள்ளியவர்களுக்கு ஒரு பிளேன்டீ. ஆனால் கொழும்பில் ஓடும் யப்பான் கார்களில் பெரும்பாலானவை ஓட்டோ கியர். அவற்றைக் காலி முகத்திடல் வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது ஜம்ப், அதாவது இன்னொரு காரின் பற்றரியில் இருந்து வயர் போட்டு மின்சாரம் எடுப்பது. வயர் இருந்தால் இதற்கும் செலவில்லை. இல்லாவிட்டால் வீதியோரக் கராஜ் ஆள் வந்து கொடுப்பதற்கு என்னிடம் 2,000 ரூபா கேட்டார்கள். முழுமையான காப்புறுதி எடுத்தவர்கள் முதலில் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் வீதியோர உதவியும் சேர்ந்திருக்கும், அதற்கு நாம் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று.

ஜம்ப் கொடுக்கும் ஒழுங்கு முக்கியம், அவசரத்தில் அதுதான் பிழைக்கிறது. சிவப்பு வயரின் ஒரு முனை செத்த பற்றரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பற்றரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பற்றரியில் கொழுவாமல், அந்தக் காரின் இஞ்சினில் பெயின்ற் இல்லாத ஓர் இரும்பில் கொழுவ வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பற்றரிக்கு மேலே ஐதரசன் வாயு நின்றால் அந்தப் பொறி போதும். மாறிக் கொழுவினால் பிரதான பியூஸ் போகும், கொஞ்சம் துரதிர்ஷ்டம் என்றால் கம்பியூட்டர் பெட்டியும் போகும். அண்ணை கொண்டுவந்த வயர் சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை, நுனி சுட்டுப்போய்ச் சுருங்கியிருந்தது. இருந்தும் ஐந்து நிமிடம் அவருடைய காரை ஓடவிட்டபின் என்னுடையது எழும்பியது.

ஹைபிரிட், அதாவது பெற்றோலோடு ஒரு பெரிய பற்றரியும் சேர்ந்து ஓட்டும் கார், வைத்திருப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். பழைய பிரியஸிலும் அக்குவாவிலும் 12 வோல்ற் பற்றரி பின்பக்கம் இருக்கிறது, ஜம்ப் கொடுக்கும் முனை முன்னால் போனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பிரியஸின் பின்கதவு மின்சாரத்தில் திறப்பது என்பதால், பற்றரி செத்தால் பற்றரி இருக்கும் இடத்தை வெளியே இருந்து திறக்கவே முடியாது என்ற வேடிக்கையும் உண்டு. இவற்றுக்கு ஜம்ப் கொடுப்பது சுகம், ஏனெனில் அந்தச் சின்னப் பற்றரி கம்பியூட்டர்களை எழுப்பினால் போதும், இஞ்சினைச் சுற்றுவது பெரிய பற்றரியின் வேலை. அதே காரணத்தால் ஹைபிரிட்டில் இருந்து மற்றவர் காருக்கு ஜம்ப் கொடுக்காமல் இருப்பது நல்லது.

சரி, கார் ஓடிவிட்டது. பிழை செய்வது இங்கேதான். "அரை மணித்தியாலம் ஓடினால் தானா சார்ஜ் ஆகிவிடும்" என்பார்கள். காலி வீதியில் ஏ.சி.யும் போட்டு, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று ஊர்ந்தால் பற்றரிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். நன்றாக இறங்கிய பற்றரி நிறையப் பல மணித்தியாலம் வேண்டும். நான் பம்பலப்பிட்டி வரை போய் வந்தேன், பின்னேரம் மறுபடி பல்லி சொன்னது.

அப்போதுதான் வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கினேன். இந்த முழுக் கதையிலும் மிகப் பெறுமதியான செலவு அதுதான், ஒரு தரம் வெளியே சாப்பிடும் காசுகூட ஆகவில்லை. கார் இரவு முழுவதும் நின்றபின் காலையில் போனட்டைத் திறந்து பற்றரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் வெறும் வயிறு. யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பாருங்கள்: நிறைந்த பற்றரியும் அந்தக் கணத்தில் 9.6க்குக் கீழே விழுகிறது என்றால் உள்ளே தகடுகள் போய்விட்டன. இஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். அதுவும் 12 சொச்சத்திலேயே நின்றால் குற்றவாளி ஓல்டர்னேற்றர், ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது அதுதான். நீங்கள் எந்தப் புதுப் பற்றரியைப் போட்டாலும் அது இரண்டு நாளில் படுத்துவிடும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததில் எங்கள் ஒழுங்கைக் கார்கள் எல்லாம் கிழடுதட்டியவை. ஓல்டர்னேற்றரைப் பார்க்காமல் பற்றரி வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது.

என்னுடையது 11.7 காட்டியது. ஓடும்போது 14.2. அப்படியென்றால் ஓல்டர்னேற்றர் நல்லது, பற்றரி வெறுமை. ஏன் வெறுமையானது? வெள்ளிக்கிழமை இரவு அரிசி மூட்டை இறக்கியபின் பின்கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை, உள்ளே அந்தச் சின்ன விளக்கு மூன்று இரவு எரிந்திருக்கிறது. 5 வோற் பல்புதான். ஆனால் அது 0.4 அம்பியர் உறிஞ்சும், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 10 அம்பியர்-மணி. என் பற்றரியில் மொத்தமாக இருந்ததே 40 அளவு.

பற்றரியைக் கழற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். 10ஆம் இலக்க ஸ்பானர் போதும், மைனஸை முதலில் கழற்ற வேண்டும். கடை நானா டெர்மினலில், அதாவது பற்றரி முனையில், பூத்திருந்த வெள்ளைப் பச்சைத் தூளைச் சுரண்டினார், மூடிகளைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: "இது மௌத்தாகல்ல தம்பி, பட்டினி கெடந்திருக்கு. நாளைக்கு வாங்க."

இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டதற்கு 700 ரூபா. வடித்த நீர் ஊற்றியதற்கு ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பற்றரி பிறகு ஏழு மாதம் ஓடியது. மச்சான் சொன்னபடி அன்றே புதிது வாங்கியிருந்தால் அந்த ஏழு மாதத்தையும் குப்பையில் போட்டிருப்பேன்.

சார்ஜில் இரண்டு கவனம். "ரெண்டு மணித்தியாலத்தில தாறன்" என்று சொல்லும் கடை அதிக அம்பியரை ஏற்றிப் பற்றரியைக் கொதிக்க வைக்கிறது. ஒரு இரவு எடுக்கும் கடைதான் நல்ல கடை. மற்றது, இறங்கிய பற்றரியை வாரக்கணக்கில் அப்படியே விடக்கூடாது. தகடுகளில் ஈய சல்பேற் இறுகிப் படிந்துவிடும், பிறகு எத்தனை இரவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. 2020 மார்ச் ஊரடங்கிலும், 2022இல் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆரில் பெற்றோல் அளந்த காலத்திலும் இந்த ஊரில் எத்தனையோ பற்றரிகள் இப்படித்தான் நின்ற இடத்திலேயே இறுகிப்போயின. வீட்டில் போர்ச் இருக்கிறவர்கள் சொந்தமாக ஒரு சின்னச் சார்ஜர் வாங்கலாம், ஒரு தரம் நிறைக்க மின்சாரம் ஒரு யூனிற் அளவுதான் பிடிக்கும். எங்களைப்போல தொடர்மாடியில் இருந்தால் பன்னிரண்டு கிலோவை மூன்று மாடி தூக்க வேண்டும். நானாவே மேல்.

அப்புறம், பஞ்சிகாவத்தை. மருதானைப் பக்கம் போனால் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை, பழைய பற்றரியும் அப்படித்தான். இதற்கு முன்பு ஒரு முறை, கையில் காசில்லாத மாதத்தில், ஒரு கடையில் 9,000 ரூபாவுக்கு எடுத்தேன். கழுவித் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, மாப்பிள்ளைபோல இருந்தது. ஒரு மாதம் பொறுப்பு என்று வாயால் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் முடிந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ஐந்து மாதம் ஒரு மாதத்தைவிட அதிகம்தான்.

இந்த முறை, அந்த ஏழு மாதமும் முடிந்து பற்றரி உண்மையிலேயே போனபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழையது 9,000 ரூபா, ஐந்து மாதம், அதாவது மாதம் 1,800. புதிது 28,000 சொன்னார்கள், என் பழையதை 3,000க்கு எடுத்தார்கள், மிச்சம் 25,000. வாரண்டி 18 மாதம். வாரண்டி முடிந்த அடுத்த நாளே செத்தாலும் மாதம் 1,390 அளவு. இரண்டரை வருடம் ஓடினால் 833. இந்தச் சூட்டில் பற்றரிகள் குளிர்நாட்டில்போல நீடிக்காது, ஆனாலும் இரண்டரை வருடம் பேராசை இல்லை. ஏழைக்கு ஏற்றது என்று நான் நம்பி வாங்கிய பழைய பற்றரிதான் மாதக் கணக்கில் விலை கூடியது. காரை இரண்டு மாதத்தில் விற்கப் போகிறவருக்கும், கையில் உண்மையிலேயே பத்தாயிரத்துக்கு மேல் இல்லாதவருக்கும் மட்டும்தான் நான் அதைச் சொல்வேன். அதையும் அங்கேயே மல்ரிமீற்றர் வைத்து, காரில் கொழுவி, ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட்டு.

புதிதிலும் இரண்டு சாதி. மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவது விலை குறைவு, சீல் பண்ணியது கூட. மாதம் ஒரு தரம் போனட்டைத் திறக்கும் பழக்கம் இருந்தால் தண்ணீர்ப் பற்றரியே போதும்; வடித்த நீர் மட்டும், அசிட்டும் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். பழக்கம் இல்லாதவர் சீல் பண்ணியதற்குக் கூடக் கொடுக்கலாம், சோம்பலுக்கும் ஒரு விலை உண்டு. எதுவானாலும் செய்த திகதியைப் பாருங்கள், றாக்கையில் வருடக்கணக்கில் இருந்ததும் பட்டினி கிடந்ததுதான். 46பி24எல் என்பதுபோல எழுதியிருக்கும் குறியீட்டின் கடைசி எழுத்து 'எல்' ஆ 'ஆர்' ஆ என்று கவனியுங்கள். மாறி வாங்கினால் முனைகள் பக்கம் மாறி நிற்கும், வயர் எட்டாது. சிக்னலில் தானாக இஞ்சின் நிற்கும் வேகன் ஆர் வகைகளுக்கு அதற்கென்று செய்த பற்றரிதான் தாங்கும், சாதாரணத்தைப் போட்டு மிச்சம் பிடித்த காசு சீக்கிரம் திரும்பிப் போய்விடும்.

லித்தியம் ஜம்ப் பெட்டி ஒன்று கைப்பைக்குள் வைக்கலாம் என்று விற்கிறார்கள். இரவில் தனியே ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவைத்தால் அது முதலில் போகும், வீட்டில் வைத்தால் தேவையான நேரம் கையில் இராது. நான் வாங்கவில்லை. தடித்த வயர் ஒரு சோடி வாங்கினேன்.

ஒரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. யப்பானில் இருந்து வந்த சில டொயோட்டாக்களின் நவிகேஷன் செற், பற்றரியைக் கழற்றியதும் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். அதைத் திறக்கத் தனியே காசு. கழற்ற முன்பு இன்னொரு சின்னப் பற்றரியை வயரோடு சமாந்தரமாகப் பிடித்துக்கொண்டால் செற்றுக்கு மின்சாரம் அறுந்தது தெரியாது. நானா கேட்காமலே அதைச் செய்தார், ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியை இடது கையில் தாங்கிக்கொண்டு. பாட்டுக்கூட நிற்கவில்லை.

மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்குக் கடல் உப்பில் டெர்மினல் சீக்கிரம் பூக்கும். அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, காய்ந்தபின் கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும். டிக், டிக் சத்தத்தில் சிலது பற்றரியே இல்லை, இந்தத் தூள்தான். எந்தக் கடைக்கும் போக முன்பு இதைச் செய்து பாருங்கள்.

புதுப் பற்றரியின் தலையில் வாங்கிய திகதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை 12.5. மேல் மாடி அண்ணையின் கார்தான் இப்போது பல்லி சொல்லத் தொடங்கியிருக்கிறது, நேற்று என் தடித்த வயரை வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.