டார்க் கன்வெர்ட்டர் மாற்றியதாக 78,000 ரூபாய் பில். கியர்பாக்ஸை இறக்கவே இல்லை

காரைக்குடிப் பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

என்னுடையது 2012 மாடல் டீசல். கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளில் தங்க வருகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவேன். நல்ல ரோட்டில் 80ல் போனால் ஆர்.பி.எம். முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 1,800ஐ ஒட்டி நிற்கும். கொஞ்ச நாளாக 2,100க்குக் கீழே இறங்கவில்லை. டீசலும் கூடுதலாகக் குடித்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யவில்லை.

டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் வழியாகத்தான் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதில் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். சீரான வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஆர்.பி.எம். இறங்கும். பிடிக்காவிட்டால் டீசல் வீண், ஆயிலும் சூடேறும்.

பட்டறைக்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்ததோடு சரி. "கன்வெர்ட்டர் போச்சுண்ணே. இப்படியே ஓட்டுனா கியர்பாக்ஸும் போயிரும்." வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகவே இல்லை. க்ரூஸ் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லண்ணே" என்றார். சம்பந்தம் முழுக்க அதில்தான் இருந்தது.

கன்வெர்ட்டரை மாற்றியாச்சு என்றார். பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தால் முள் அதே 2,100. கேட்டால் "புது பார்ட்டுண்ணே, செட்டாகணும்." கழற்றிய பழைய கன்வெர்ட்டர் எங்கே? எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம்.

தேவகோட்டையில் வயரிங் வேலை பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை, நேராக வண்டிக்குப் பின்னால் போனார். பெடலில் கால் இல்லாமலே பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது. பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் கெட்டுவிட்டது. பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்தால் லாக்கப்பையும் விட்டுவிடும், க்ரூஸையும் விட்டுவிடும். சுவிட்ச் விலை 650 ரூபாய். மாற்றியதும் முள் 1,800க்கு வந்துவிட்டது.

அப்புறம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். கன்வெர்ட்டரை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இன்ஜினோடு அதைச் சேர்க்கும் போல்ட்டுகளின் தலையில் நம்ம ஊர்ச் செம்மண், சுண்ணாம்புக் காரை பூசியது போல இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட தடமே இல்லை.

உங்கள் வண்டியிலும் இந்தச் சந்தேகம் வந்தால், இன்ஜின் சூடான பிறகு காலியான ரோட்டில் 80ல் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, பிரேக் லைட் எரிகிற அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். ஆர்.பி.எம். சட்டென்று ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது. அசைவே இல்லையென்றால் முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள். இன்ஜின் சரியாகச் சூடாகாவிட்டாலும் லாக்கப் வராது, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கியர்பாக்ஸ் ஆயில், அப்புறம் ஸ்கேனர். ஸ்கேனரில் பி0740 என்ற கோளாறு எண் வந்தால் சொலினாய்டு (லாக்கப்பை இயக்கும் மின்சார வால்வு), வயரிங் பக்கம் கோளாறு. பி0741 என்றால் லாக்கப் பிடிக்கவில்லை. பி0742 என்றால் பிடித்தது விடவில்லை, வண்டி நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும். கன்வெர்ட்டர் நிஜமாகவே கெடுவதும் உண்டு. ஆனால் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அதைச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

போல்ட் படங்களையும் பில்லையும் சேர்த்துச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் இப்போது பாதிப் பணம் தருவதாக ஆள் அனுப்புகிறார். முழுசாகத் தரட்டும், பேசலாம்.